எலும்பு வார்டுக்கு வீரபெருமாள் கொண்டுவந்த ஒழுங்கு

“இது ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா மேடம்?”

கேட்டவர் வீரபெருமாள். நூற்பாலை ஒன்றில் மேனேஜராக இருந்தவர். மில்லை இழுத்து மூடியதும், ஐம்பது வயதில் ஆஸ்பத்திரி நிர்வாகம் படிக்கச் சேர்ந்துவிட்டார். பயிற்சிக்கு வந்த இடம் தெற்கே ஓர் அரசு மருத்துவமனை.

பதில் சொல்ல வேண்டியவர் அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ஜெபக்கனி. வீரபெருமாளைவிடப் பத்து வயது இளையவர். நிமிராமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“எந்த வார்டு சார்?”

“ஆண்கள் எலும்பு வார்டு. கட்டில்ல ஒருத்தர், சுத்தி மூணு பேர். கட்டிலுக்குக் கீழே பாய். ஜன்னல்ல கைலி காயுது. ஒருத்தர் சாவகாசமா மாம்பழம் நறுக்குறார். எங்க மில்லுல ஒரு ஆள் இப்படிச் சும்மா நிக்க முடியுமா?”

“என்ன செய்யலாம்?”

“எல்லாரையும் வெளியே அனுப்பணும். சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போகட்டும்.”

“அனுப்புங்க.”

வீரபெருமாளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாதாடுவதற்கு ஒரு வண்டி நியாயம் கொண்டுவந்திருந்தார். இந்த அம்மாளிடம் நாலு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

மறுநாள் காலை அனுப்பினார்.

முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் பாயைச் சுருட்டினார்கள். பேச்சியம்மாள் மட்டும் மசியவில்லை.

அவள் புருஷன் சுடலைமுத்து பனையிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். அன்று மதியம் அவருக்கு ஆபரேஷன். அது தவறினால் அடுத்த வாரம்தான் தியேட்டர் கிடைக்கும். அதுவரை இப்படியே கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். ஏற்கெனவே அங்கங்கே சிவந்திருந்தது.

“நான் போயிட்டா அவுகள யாருய்யா பாப்பா?”

“ஆஸ்பத்திரி பாத்துக்கும்.”

“அது யாரு?”

வீரபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளிடம் வாயைக் கொடுத்தால் விடியாது என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

வார்டைக் கழுவித் துடைத்தார்கள். பினாயில் மணத்தது. நடைபாதையில் நடக்க முடிந்தது. வீரபெருமாள் ஓடிப்போய் ஜெபக்கனியை அழைத்துவந்தார்.

ஜெபக்கனி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். சுடலைமுத்துவின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நல்லா இருக்கு சார்.”

வீரபெருமாள் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“பாட்டில் காலி.”

வீரபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். குளுக்கோஸ் தீர்ந்து, குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

“சிஸ்டர்!”

அந்த வார்டுக்கு ஒரே நர்ஸ். அவர் கடைசிக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு ஓடிவந்து குழாயை மூடினார்.

“தீரப் போகுதுன்னா கூட இருக்கிறவங்க வந்து சொல்லுவாங்க சார். இன்னைக்கு யாருமே சொல்லல.”

மேசைமேல் ஒரு சின்ன ரத்தக் குப்பி நின்றது. சுடலைமுத்துவின் பெயர் ஒட்டியிருந்தது.

“இது ஏன் இன்னும் இங்கயே இருக்கு? ரிப்போர்ட் வரலன்னா மயக்க டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிடுவாரே!”

“லேபுக்குக் கொண்டு போக ஆள் இல்ல சார்.”

“எப்பவும் யார் கொண்டு போவா?”

“பேஷண்டோட ஆளுங்கதான்.”

“அதுக்குன்னு யாரையும் போடலையா?”

நர்ஸ் சிரித்தார். சிரிக்கக்கூட அவருக்கு நேரமில்லை, ஆனாலும் சிரித்தார்.

வீரபெருமாள் ஜெபக்கனியைப் பார்த்தார். ஜெபக்கனி சுடலைமுத்துவின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் வீரபெருமாளே குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

லேப் அடுத்த கட்டடத்தில் இருந்தது. போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கியது. வந்தால், ஒருவர் தண்ணீர் கேட்டார். இன்னொருவருக்கு அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும். எக்ஸ்ரேக்கு ஆளைத் தள்ளிக்கொண்டு போக வந்த ஊழியர் தனியாக நின்றார். “ஒரு பக்கம் பிடிங்க சார்” என்றார்.

பிடித்தார். கொடுத்தார். ஊற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு அவருடைய வெள்ளைப் பேன்ட்டில் எவருடைய கஞ்சியோ கொட்டியிருந்தது.

“மேடம், இது என்ன நிர்வாகம்? தள்ள ஆளில்ல, தூக்க ஆளில்ல, கொண்டு போக ஆளில்ல! ஆள் வேணும்னு நீங்க மேலே கேக்குறதே இல்லையா?”

“வந்த நாள்ல இருந்து கேக்குறேன்.”

“என்ன சொல்றாங்க?”

“‘வார்டு நல்லாத்தானே ஓடுது’ங்கறாங்க.”

ஜெபக்கனி முதல்முறையாக எரிச்சலோடு பேசினார். வீரபெருமாளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

“சரி மேடம். நான் போய் பேச்சியம்மாளக் கூட்டிட்டு வந்துடறேன்.”

“கூட்டிட்டு வாங்க.”

கேட்டுக்கு வெளியே நிழலைத் தேடி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் சுவரோரம் பாயில் கிடந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தாள்.

“இந்தாம்மா…”

“எழுப்பணுமா சார்?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “அவரு விழுந்த நாள்ல இருந்து இவ கண்ண மூடல. முதுகு புண்ணாயிரும்னு ராத்திரி முழுக்கப் பொரட்டிப் பொரட்டிப் படுக்கவச்சிக்கிட்டே கெடந்தா. நீங்க வெரட்டுனதும் இங்க வந்து சாஞ்சவதான்.”

எழுப்பத்தான் குனிந்தார். கை போகவில்லை.

மில்லில் இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்தவனை அவர் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே விடமாட்டார். திட்டியாவது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

“வேண்டாம். தூங்கட்டும்.”

லேபுக்குப் போய் நின்று ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டார்.

வார்டுக்குத் திரும்பும்போது தியேட்டரிலிருந்து தள்ளுவண்டி வந்துவிட்டிருந்தது. கூட ஒரே ஊழியர். சுடலைமுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபக்கனி ஸ்டூலை விட்டு எழுந்தார். அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரியே, வார்டு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

“சுடலைமுத்தோட ஆள் யாரு?”

வீரபெருமாள் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

“நான்தான் மேடம்.”

“தலைப்பக்கம் பிடிங்க.”