மணல் தொடாத சப்பரம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் கயித்தான். மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பிறகு வந்தவர்கள். சப்பரக் கமிட்டிக்குத் தலைவனானதும் அவன் செய்த முதல் வேலை, சப்பரத்தைத் தூக்கும் வலது முன்கொம்பிலிருந்து என்னை விலக்கிவிட்டுத் தன் மருமகனை நிறுத்தியதுதான். "மாமா, உங்களுக்கு முட்டு போச்சு. மெழுகுதிரி பிடிச்சுக்கிட்டுப் பின்னால வாங்க" என்றான். நின்றவர்கள் சிரித்தார்கள்.

சப்பரத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்தவன் அப்படிப் பேசமாட்டான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைகளும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள்.

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலம். மேற்கே, நம் வள்ளங்கள் போய்ச் சேராத ஒரு பாறைக் கரையை ஓர் அரசன் ஆண்டான். அவன் போட்ட சட்டம் இது: கடல் மணலில் ஒதுக்குவதெல்லாம் அரசனுக்கு. மரம் ஒதுங்கினால் மரம் அவனுக்கு. மிளகு மூட்டை ஒதுங்கினால் மூட்டை அவனுக்கு. மனிதன் ஒதுங்கினால் அந்த மனிதனும் அவனுக்கே அடிமை.

அந்தக் கரையில் நவாரியார் என்ற மீன்பிடிகாரர் இருந்தார். நம்மைப் போலக் கடலில் இறங்கிப் பிழைத்தவர். நம் தோளைப் போன்ற தோள்.

ஒருநாள் ஒரு கப்பல் உடைந்தது. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி பலகையைப் பிடித்து மிதந்து வந்தாள். கரைக்காவலன் கொர்தான் சங்கிலியோடு மணலில் காத்து நின்றான். நவாரியார் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அவளைத் தோளில் ஏற்றினார். மணலைக் கடந்து நடந்துபோய்க் கோயில் வாசற்கல்லில் இறக்கிவிட்டார். அந்தக் கல்லுக்கு மேலே அரசன் சட்டம் செல்லாது.

அரசனின் பங்கு எங்கே என்று கொர்தான் கேட்டான்.

"கடல் இவளை மணலில் ஒதுக்கவில்லை. இவள் கால் மணலில் படவும் இல்லை. பட்டது என் கால். நான் இந்த ஊர்க்காரன்" என்றார் நவாரியார்.

கொர்தான் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனான்.

இரண்டாவது முறை ஒரு வணிகர் மிதந்து வந்தார். பருத்த உடம்பு, இடுப்பில் பொன் கட்டிய கச்சை. "கச்சையை அவிழ்த்துக் கடலில் போடும் ஐயா. உமக்குத்தான் தோள், பொன்னுக்கு இல்லை" என்று சொல்லி அவரையும் சுமந்து கல்லில் சேர்த்தார். கொர்தான் ஆத்திரத்தில் நவாரியாரின் படகைக் கொளுத்தினான். இன்னொரு முறை சுமந்தால் சுமப்பவனை ஈட்டியால் குத்துங்கள் என்று அரசனின் ஆணை வந்தது.

ஊர் அவரை எச்சரித்தது. அவர் மனைவி மட்டும் அழவில்லை. அடுத்து வருபவனாவது மெலிந்தவனாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மூன்றாவது முறை மிதந்து வந்தவன் கொர்தான்.

அவனுடைய காவல்படகு பாறையில் மோதிக் கவிழ்ந்திருந்தது. மணலில் புதிய காவலர்கள் சங்கிலியும் ஈட்டியுமாக நின்றார்கள். தன் ஆளுக்கும் சட்டம் ஒன்றுதான் என்று அரசன் சொல்லியிருந்தான். எத்தனையோ பேர் காலில் பூட்டிய சங்கிலி, அதன் கனம் கொர்தானுக்குத் தெரியும்.

நவாரியார் நீந்தி அவனிடம் போனார்.

"நவாரி, உன் படகை எரிச்சவன் நான்" என்றான் கொர்தான்.

"தெரியும். காலை மடக்கிக்கோ. நீ நெட்டையன்" என்றார் அவர்.

தோளில் ஏற்றிக் கரையேறினார். முதல் ஈட்டி விலாவில் பாய்ந்தது, நடந்தார். இரண்டாவது ஈட்டி தொடையில் பாய்ந்தது, முழங்காலால் நடந்தார். மூன்றாவது ஈட்டி இடுப்பில் பாய்ந்தது, கொர்தானை முதுகில் வைத்தபடி தவழ்ந்தார். கொர்தான் மடக்கிய காலை நீட்டவே இல்லை. வாசற்கல்லில் அவன் கால் பட்டது. அப்புறம்தான் நவாரியாரின் முகம் மணலில் சாய்ந்தது.

கொர்தான் கல்லிலேயே நின்றிருக்கலாம். அவன் நிற்கவில்லை. தானாக மணலில் இறங்கி நவாரியாரின் உடலைத் தோளில் தூக்கினான். சங்கிலி வைத்திருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அன்றைக்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் சங்கிலி எடுக்கவில்லை.

நம் சப்பரத்தில் இருப்பவர் அந்த நவாரியார்தான். நம் முன்னோர் அவருடைய சுரூபத்தை, அந்தச் சிலையை, கப்பலிலிருந்து தோளில்தான் இறக்கினார்கள். அன்று தொட்டு, திருநாள் அன்று கடற்கரையிலிருந்து கோயில் வாசல்வரை நம் சப்பரம் மணலைத் தொடுவதில்லை. மழை பெய்தாலும் தொடாது, புயல் அடித்தாலும் தொடாது, தூக்குகிறவன் செத்தாலும் தொடாது. இப்படி ஒரு வழக்கம் வேறு எந்தக் கரையிலும் இல்லை என்று நான் மார்தட்டிச் சொல்வேன். போன வருஷம் கயித்தானின் மருமகன் தோள் மாற்ற நினைத்துத் தடுமாறியபோது முன்கொம்பு சாய்ந்தது. மெழுகுதிரியை எறிந்துவிட்டு ஓடி, அதற்கு அடியில் தோளைக் கொடுத்தவன் நான். முட்டு போன நான்.

நீதி இதுதான்: தோளில் ஏற்றியவரைப் பாதிவழியில் இறக்காதவனே பெரிய மனிதன்.

கயித்தான் என்னைப் பாதிவழியில் இறக்கினான். வலது முன்கொம்பு இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை.