நீட்டிப் படுக்க ஓர் இடம்

“விட்டுருன்னு மட்டும் சொல்லிராதீங்க சாமி. அதக் கேக்க நான் இந்தக் கரட்டுல ஏறி வரல.”

வந்து நின்ற வேகத்தில் சீனியம்மாள் இதைச் சொன்னாள். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். துடைத்ததிலும் கோபம் இருந்தது.

குன்றுமேல் கொட்டகை போட்டிருப்பதால் கரட்டுச் சாமி என்று ஊரார் கூப்பிடும் அந்தப் பெண் துறவி அவளைவிடப் பத்து வயதாவது இளையவள். கொட்டகை வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நான் ஒண்ணுமே சொல்லலையே அக்கா.”

“சொல்லுவீங்க. எல்லாச் சாமியும் அதத்தான் சொல்லும். மண்ணு நிலையில்ல, மனுசன் நிலையில்லன்னு. மண்ணு வச்சிருக்கவன்கிட்டப் போயிச் சொல்லச் சொல்லுங்க.”

சாமி ஒரு கடலையை வாயில் போட்டாள்.

“கேசு என்னாச்சு?”

“வாய்தா. வேற என்ன ஆகும்.”

வீடில்லாதவர்களுக்கு அரசாங்கம் காலனியில் மனை ஒதுக்கியபோது சீனியம்மாளுக்கும் ஒன்று வந்தது. அதே மனை, அதே நம்பர், முத்துராக்கு என்ற இன்னொருத்திக்கும் வந்தது. ஒரே காலையில் இருவரும் கடப்பாரையோடு போய் நின்றார்கள். சண்டை கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. வருஷக்கணக்காகிவிட்டது. மனையில் இப்போது கருவேலமுள் ஆள் உயரம் நிற்கிறது.

“அந்தம்மா பட்டா பொய்யா?” என்றாள் சாமி.

“பொய்யின்னா எப்பவோ ஜெயிச்சிருப்பேனே. ரெண்டும் நெசந்தானாம்.”

“அப்பறம் அவங்கமேல என்ன கோவம்?”

“என் எடத்துல வந்து நிக்கிறாளே. அது போதாதா?”

மரத்தடியில் ஓர் ஆள் காத்திருந்தான். வெயிலுமுத்து, லாரி டிரைவர். மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு சாமியைப் பார்க்க வந்தவன்.

“ஒரு துண்டு மனைக்கா இம்புட்டுப் பாடு?” என்றான்.

சீனியம்மாள் திரும்பினாள்.

“ஒன்கிட்ட யாரு கேட்டா? எம்புருசன் செத்தப்ப வீட்டு ஓனரு பொணத்த உள்ள விடல. அடுத்து யாரும் வாடகைக்கு வரமாட்டாங்களாம். ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்து சாக்கடை ஓரமா பெஞ்சு போட்டுக் கெடத்துனேன். வண்டியில போறவன் எல்லாம் வழி விடச் சொல்லி ஹாரன் அடிச்சான். நாளைக்கு எனக்கும் அதே சாக்கடைதான். எனக்குன்னு நீட்டிப் படுக்க ஒரு எடம் வேணும். உசுரோட இல்லாட்டியும் பொணமாவாச்சும்.”

வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

சாமி எழுந்து அவள் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“உச்சி வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள ஒரு கயித்துக் கட்டில் கெடக்கு. அது ஒங்களுக்கு. நீட்டிப் படுங்க. பொழுது சாயப் பேசலாம்.”

சீனியம்மாள் கொட்டகைக்குப் பின்னால் போய், தொட்டியில் தண்ணீர் மோந்து, கால் கழுவி, முகம் கழுவி உள்ளே வந்தாள்.

கட்டிலில் வெயிலுமுத்து துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தான்.

“எந்திரி.”

“ஏன்?”

“அது என் கட்டிலு.”

“பேரு எழுதியிருக்கா?”

“சாமி எனக்குக் குடுத்தது.”

“எனக்கும் சாமிதான் குடுத்துச்சு. விடிய விடிய லாரி ஓட்டிட்டு வந்திருக்கேன். அங்கிட்டுச் சாக்கு கெடக்கு பாரு, அதுல படு.”

“சாக்குல நீ படு. கண்ட எடத்துல வந்து விழுந்து கெடக்கியே, ஒங்க வீட்டுல கட்டிலு இல்லையா?”

“இருக்கு. அதுல எங்க மாமியா படுத்திருக்கு.”

“பொய் சொல்லாத. சாமி ஒனக்கு எப்பக் குடுத்துச்சு? நான் கால் கழுவப் போன நேரத்துல களவாண்டு படுத்திருக்க.”

“யாரப் பாத்துக் களவாணிங்கற?”

அவள் கட்டில் காலைப் பிடித்துத் தூக்கினாள். அவன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் இழுத்தாள். அவன் உதைத்தான். கயிறு அறுந்து, அவன் இடுப்பு ஓட்டைக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. அப்படியும் சட்டத்தை விடவில்லை. கட்டில் கால் பிடுங்கிக்கொண்டு அவள் கையோடு வந்தது.

வாசலில் கடலை உரிக்கும் சத்தம் நிற்கவே இல்லை.

சீனியம்மாள் கட்டில் காலோடு வாசலுக்கு வந்தாள்.

“சாமி, நீங்களே சொல்லுங்க. கட்டில யாருக்குக் குடுத்தீங்க?”

“ஒங்களுக்கு.”

“கேட்டியாய்யா? காதுல விழுந்துச்சா?”

“அவருக்கும்” என்றாள் சாமி.



சீனியம்மாள் சாமி பக்கம் திரும்பினாள். அவள் இதுவரை வெயிலுமுத்துவிடம் போட்ட சத்தமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“ஒரு கட்டில ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கீங்க. குடுத்துட்டு, நாங்க அடிச்சுப் பொரளுறத உக்காந்து கடலை உரிச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்க. வந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா? எங்களப் பாத்தா ஒங்களுக்கு மனுசரா தெரியலையா? அந்தாளு பாவம், இடுப்பு ஒடிஞ்சு கெடக்கான். நீங்க பண்ணுன தப்புக்கு அவன நான் களவாணின்னு திட்டிட்டேன். இதுக்கு யாரு பதில் சொல்றது?”

சாமி கையில் இருந்த கடலைத் தொலியைக் கீழே போட்டாள். முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

“இந்தக் கேள்விய இத்தன வருசமா எங்க வச்சிருந்தீங்க அக்கா?”



சீனியம்மாள் கட்டில் காலைச் சுவரில் சாத்தி வைத்தாள். உள்ளே போய் வெயிலுமுத்துவைக் கைகொடுத்துத் தூக்கி விட்டாள். சொல்லிக்கொள்ளாமல் கரட்டிலிருந்து இறங்கிவிட்டாள்.

“யம்மா, செருப்ப விட்டுட்டுப் போறீங்க” என்று அவன் கத்தினான். அவள் திரும்பவில்லை.

அடுத்த வாய்தா.

கோர்ட்டு வளாகத்தில் முத்துராக்கு எப்போதும் வேப்பமரத்துப் பெஞ்சில் உட்காருவாள். சீனியம்மாள் எப்போதும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்பாள். அன்றைக்கு நேராக வேப்பமரத்துக்கு நடந்தாள்.

முத்துராக்கு பெஞ்சில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தாள்.

“என்ன, இங்கயே ஆரம்பிக்கிறியா?”

“நம்ம ரெண்டு பேருக்கும் மனை குடுத்தது யாரு?”

“கவர்மெண்டு.”

“கவர்மெண்டுக்குக் கை இருக்கா? கையெழுத்துப் போட்டது யாரு?”

முத்துராக்கு அவளை மேலும் கீழும் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள்.

“தெரியல” என்றாள்.

“எனக்கும் தெரியல. ஒன் பவுடரு வாசம்கூட எனக்குத் தெரியும். அவன் பேரு தெரியல.”

முத்துராக்கு பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் வந்தது.

கோர்ட்டுச் சேவகனான டவாலி பெயரைக் கூவியபோது இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள். ஒரே கதவு வழியாக உள்ளே போனார்கள்.

நீதிபதி புதிதாக மாற்றலாகி வந்தவர். கேசுக் கட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல வாதி யாரும்மா?”

சீனியம்மாளின் வக்கீல் எழுந்தார். அவள் அவருடைய கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“நாங்க ரெண்டு பேருந்தான்யா” என்றாள். “பிரதிவாதியத்தான் இன்னும் யாரும் கூட்டிட்டு வரல.”