ஐந்தாவது வார்த்தை

"படிப்பை நிறுத்திக்கிறேன் மேடம்" என்றாள் சுகந்தி.

ஜெசிந்தா மேடம் அந்தக் கல்லூரியின் உளவியல் ஆசிரியை. சுகந்தியைவிட இரண்டு வயது இளையவர். மற்ற பெண்களை வா, போ என்பவர் இவளை மட்டும் வாங்க, போங்க என்பார்.

"என்ன ஆச்சு?"

"எங்க மாமியார், மக வீட்டுக்குப் போறேன்னு பையைக் கட்டுறாங்க. அவங்க போயிட்டா மகிழனை யாருகிட்ட விட்டுட்டு வர்றது? ரெண்டு வயசுப் பிள்ளை. எங்கம்மா வீடும் பக்கத்துல இல்ல."

"ஏன் போறாங்களாம்?"

"அங்கயும் பேரப்பிள்ளைங்க இருக்குன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. முகமும் கொடுக்க மாட்டேங்கிறாங்க. என்னைக் காலேஜுல சேத்துவிட்டதே அவங்கதான் மேடம். போய்ப் படி, பிள்ளையை நான் பாத்துக்கிறேன்னு சொன்னவங்க."

ஜெசிந்தா மேடம் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"நான் உளவியல் படிக்கிறேன்னு தெரிஞ்சதுல இருந்து எங்க தெருவே, இப்ப நான் என்ன நெனக்கிறேன் சொல்லுன்னு கேக்குது. தண்ணி பிடிக்கப் போனாக்கூட விட மாட்டேங்கிறாங்க. ஒரே வீட்டுல இருக்கிற அத்தை என்ன நெனக்கிறாங்கன்னே எனக்குத் தெரியல. அப்புறம் இந்தப் படிப்பு எதுக்கு மேடம்?"

"ரெக்கார்டு நோட்டு கொண்டு வந்திருக்கீங்களா?"

சுகந்தி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று அவளுக்கு லேசான வருத்தம்.

அதில் கடைசியாக எழுதியிருந்த சோதனை ஞாபகசக்தி பற்றியது. இருபது வார்த்தைகளை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் நினைவில் நின்றதைச் சொல்ல வேண்டும். சொன்ன வார்த்தைக்கு நேரே டிக் அடிக்க வேண்டும். சுகந்தி தன் மாமியார் வீரம்மாளை உட்கார வைத்துச் செய்திருந்தாள்.

"இருபதுக்கு அஞ்சா?"

"ஆமா மேடம். மத்தவங்க சோதிச்ச பெரியவங்க எல்லாம் பத்து, பதினொண்ணு சொன்னாங்க. அத்தைக்கு வயசாயிடுச்சு. ஞாபகமறதி, அதோட இப்ப இந்தப் பிடிவாதம். ரெண்டையும் சேத்துப் பாத்தா..."

"எந்த அஞ்சு?"

சுகந்தி எட்டிப் பார்த்தாள். மரம், செருப்பு, கிணறு, மணி, பால். முதல் ஐந்துக்கும் வரிசையாக டிக். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"பொதுவா எந்த வார்த்தை முதல்ல வாயில வரும்னு நடத்தினேன்?"

"கடைசியா வாசிச்சது. காதுல அதுதான் நிக்கும்."

"இவங்களுக்கு ஏன் நிக்கல?"

சுகந்தி யோசித்தாள். "பாலோட நின்னுட்டாங்க" என்றாள் மெதுவாக.

"பால்ல என்ன?"

"தெரியல மேடம்."

ஜெசிந்தா மேடம் பக்கத்தைத் திருப்பினார். சோதனையின்போது தன் மனதில் என்ன ஓடியது என்று அதில் உட்கார்ந்தவர் சொல்ல வேண்டும். அதை எழுதும் இடம் அது. அங்கே சுகந்தியின் குண்டு எழுத்தில், 'சோதனை எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நான் முழு ஒத்துழைப்புக் கொடுத்தேன்' என்றிருந்தது.

"இதை உங்க அத்தை எப்ப சொன்னாங்க?"

சுகந்தி தரையைப் பார்த்தாள். "எல்லாரும் அப்படித்தான் மேடம் எழுதுறோம்."

மேடம் அந்த இரண்டு வரியையும் பென்சிலால் அடித்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வீரம்மாள் சேலை மடித்துக்கொண்டிருந்தார். மகிழன் மடித்ததைக் கலைத்துக்கொண்டிருந்தான்.

சுகந்தி நோட்டும் பேனாவுமாகக் கீழே உட்கார்ந்தாள்.

"அத்தை, அன்னிக்கு இருபது வார்த்தை வாசிச்சேனே. அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருந்தா என்ன? அஞ்சுதான். அதான் எழுதிட்டியே."

"நான் எழுதினதை மேடம் அடிச்சுட்டாங்க."

வீரம்மாள் நிமிர்ந்தார். "உனக்கு மார்க்கு போச்சா?"

"போகல. உங்களைக் கேட்டு எழுதணுமாம்."

"என்னைக் கேக்கணும்னா சொன்னாங்க?"

"ஆமா."

வீரம்மாள் இன்னொரு சேலையை எடுத்தார். நான்காக மடித்தார். பிரித்து மறுபடியும் மடித்தார்.

"நீ பாலுன்னு சொன்ன. அவ்வளவுதான். காது அடைச்சுப்போச்சு. அதுக்கப்புறம் நீ வாயசைக்கிறதுதான் தெரிஞ்சுது."

"பாலுன்னா என்ன அத்தை?"

"தெரியாத மாதிரி கேக்குற பாரு."

"சத்தியமா தெரியாது."

"தூறல் போட்டுச்சே அன்னிக்கு. துணி எடுக்கக் கொல்லைக்குப் போயிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுபோச்சு. வீடு முழுக்க கேஸ் நாத்தம். பிள்ளை தொட்டில்ல தூங்குது. நீ வந்து மூடின."

சுகந்திக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நான் ஒண்ணுமே சொல்லலையே அத்தை."

"அதான் தாயி. ஒரு வார்த்தை திட்டியிருந்தா அன்னிக்கு ராத்திரி நான் தூங்கியிருப்பேன். நீ வாயத் தொறக்காம ஜன்னலைத் தொறந்த. இருபது நாள் கழிச்சு கையில கடிகாரத்தை வச்சுக்கிட்டு டீச்சரம்மா கணக்கா முன்னால வந்து உக்காந்த. கெழவிக்குப் புத்தி மட்டு, பிள்ளையை இவகிட்ட விடக்கூடாதுன்னு நீ எழுதப்போறன்னு நெனச்சேன். நீ சொல்றதுக்கு முன்னாடி நானே போயிட்டா மரியாதைன்னு இருந்துட்டேன்."

சுகந்தி பேனாவைக் கீழே வைத்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"ஆரம்பிச்சது காலேஜுக்குத்தான் அத்தை. ஆனா அஞ்சுன்னதும் எனக்குக் கொஞ்சம் பயமா இருந்துச்சு. பிள்ளையை நெனச்சு."

வீரம்மாள் அவளையே பார்த்தார்.

"இருக்கும்ல?" என்றார். "எனக்கே இருக்கே. இப்பல்லாம் அடுப்பை ரெண்டு தடவை தொட்டுப் பாத்துட்டுத்தான் கொல்லைக்குப் போறேன்."

"நான் இருக்கிறப்ப என்னையும் ஒரு குரல் கூப்பிடுங்க. நானும் பாக்கிறேன்."

"கூப்பிட்டா வருவியா? புத்தகத்துல தலையை விட்டா இடி விழுந்தாலும் உனக்குக் கேக்காது."

"வர்றேன் அத்தை."

மகிழன் பைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான். வீரம்மாள் அவனைத் தூக்கி வெளியே விட்டு, சேலைகளை அடுக்கினார்.

"அப்ப போகலைதானே?" என்றாள் சுகந்தி.

"மககிட்ட வர்றேன்னு சொல்லியாச்சு. போகாம இருந்தா அவ ஒரு மாசம் பேச மாட்டா. நாளைக்கு வெள்ளி, நீ ரெண்டு நாள் லீவு போடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடுவேன்." பையின் வாயை இழுத்துக் கட்டினார். "நீ எழுது. நான் சொன்ன மாதிரியே எழுது. மகிழ்ச்சி கிகிழ்ச்சின்னு எழுதாத."

சுகந்தி எழுதினாள். வீரம்மாள் இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். தூறல் இல்லையாம், மழையேதானாம்.

திங்கட்கிழமை சுகந்தி கல்லூரிக்கு வந்தாள். அத்தை முந்தின நாளே திரும்பியிருந்தார்.

ஜெசிந்தா மேடம் நோட்டைப் பிரித்தார். உள்ளே தனித்தாள்கள் இரண்டு இருந்தன. படித்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"அஞ்சு அஞ்சாவே இருக்கட்டுமா மேடம்?"

"அவங்க சொன்னது அஞ்சுதானே."

சுகந்தி தலையாட்டினாள். பிறகு தயங்கி நின்றாள்.

"மேடம், அச்சடிச்ச நோட்டுல இதுக்கு நாலு வரிதான் இடம் விட்டிருக்காங்க. அத்தை பேசினது ரெண்டு தாள் வந்துடுச்சு. நாலு வரியாச் சுருக்கிடட்டுமா?"

ஜெசிந்தா மேடம் மேசை இழுப்பறையைத் திறந்தார். பசை பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ஒட்டுங்க" என்றார்.