செவலைக்கு ஒரு பாராட்டு விழா

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். அங்கே ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் பெட்டி மடிக்கிற வேலைக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து நான்கு பேர் போயிருந்தார்கள். மூத்தவர் பெத்தணன். அடுத்து ஒச்சுக்காளை, சேவுகன். எல்லோருக்கும் இளையவன் தவசி. நால்வரும் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். ஆலையில் அவர்கள்மேல் ஒரு குறையும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். வீட்டிலும் அப்படியே செய்ததால் வந்ததுதான் இவ்வளவும்.

ஆலைக் காவலாளியின் நாய் குட்டி போட்டது. அதில் ஒன்றைத் தவசி கம்பளிச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். செம்மண் நிறம். செவலை என்று பெயர் வைத்தார்கள். தவசி வேலை முடிந்து கதவைத் திறந்தால் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். கடல் தாண்டி வந்த நாளிலிருந்து அவனைப் பார்த்து யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. கூட இருந்த மூன்று பேரும் வாலாட்டாதது அவர்கள் குற்றமில்லை.

வீட்டுக்காரர் பெயர் கெஸ்லர். எழுபது தாண்டியவர், தனி ஆள், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, இவர்களில் ஒச்சுக்காளைக்கு மட்டும் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். குட்டியைப் பார்த்ததும் அவனுக்குப் புரிகிறாற்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஒரு மாதம் பார்ப்பேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை நானே வருவேன். வீட்டுக்குள் மூத்திர வாடை அடித்தால், அன்றைக்கே நாய் வெளியே போகவேண்டும்."

அன்று தவசிக்குச் சோறு இறங்கவில்லை.

"செவலை போனா நானும் போயிருவேன்ணே."

"நீ எங்கடா போவ?" என்றார் பெத்தணன்.

"அது போற எடத்துக்கு."

"அங்க உன்னையும் வளப்பாங்களா?" என்று சேவுகன் கேட்டான். யோசிக்கவேண்டிய கேள்வி என்பதால் தவசி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தான்.

அந்த ஊரில் நாய்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. குட்டியைத் தூக்கிக்கொண்டு நால்வரும் போனார்கள். அங்கிருந்த டீச்சரம்மா மூன்று விஷயம் சொன்னார். வீட்டுக்குள் அசிங்கம் செய்துவிட்டால் திட்டக்கூடாது, கண்டுகொள்ளவே கூடாது. தரையை மோந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தால் உடனே தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடவேண்டும், காரியம் முடிகிறவரை உள்ளே விடக்கூடாது. வெளியே காரியம் முடிந்தால் அந்த நிமிஷமே மனமாரப் பாராட்டவேண்டும்.

எளிமையான விஷயங்கள்தான். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் நன்றாக நடந்திருக்கும்.

அன்று சாயங்காலமே செவலை கூடத்துக் கம்பளத்தில் ஈரம் செய்துவிட்டது. நால்வரும் பார்த்தார்கள். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

"ஒச்சு, அந்தப் பக்கம் ஏதோ ஈரம் மாதிரி இருக்கா?"

"எந்தப் பக்கம்ணே?"

"சபாஷ். நானும் பாக்கல."

பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்த பெத்தணன் அதில் கால் வைத்து வழுக்கி, மல்லாக்க விழுந்தார். மற்ற மூன்று பேரும் அவரைத் தாண்டிச் சாப்பிடப் போனார்கள்.

"டேய், தூக்கிவிடுங்கடா."

"உங்களைக் கண்டுக்கிட்டா கீழ இருக்கறதையும் கண்டுக்கிட்ட மாதிரி ஆயிருமேண்ணே," என்றான் சேவுகன்.

"அது நியாயந்தான்," என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே கிடந்தார். கம்பளம் காய்ந்தபிறகு தானாக எழுந்து கை கழுவிக்கொண்டார். கம்பளத்தை யாரும் துடைக்கவில்லை. துடைத்தால் கண்டுகொண்டதாகிவிடும்.

மறுநாள் காலையில் தவசிக்கு அதே கவலை. வாடை அடிக்கிறதா இல்லையா என்று தெரியவேண்டும். பெத்தணன் மூத்தவர் என்கிற பொறுப்பில் மண்டிபோட்டு, மூக்கைக் கம்பளத்தில் வைத்து, மோந்துகொண்டே ஒரு சுற்று வந்தார்.

சேவுகன் மற்ற இருவரையும் பார்த்தான். டீச்சரம்மா சொன்னது மூவருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவரைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கைலியோடு இருந்தார்.

"போங்கண்ணே."

"எனக்கு வரலையேடா."

"அவசரம் இல்லண்ணே. நாங்க நிக்கறோம்."

பெத்தணன் கோபித்துக்கொள்ளவில்லை. மோந்து சுற்றியது தான்தான் என்பது அவருக்கும் தெரியும். குளிரில் கொஞ்ச நேரம் நின்றதும் அவருக்கே வந்துவிட்டது. "அந்தம்மா படிச்சவங்கடா. சொன்னது பலிக்குது," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

பாராட்டும் விஷயத்தில்தான் பெரிய விவாதம் நடந்தது.

"தலையைத் தடவிக் குடுத்தாப் பத்தாதாண்ணே?" என்றான் தவசி.

"மனமாரன்னு சொல்லியிருக்காங்க. நம்ம ஊர்ல மனமாரப் பாராட்டறதுன்னா எப்படி? தலைமை, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரை. இதுல எதைக் கொறைக்கச் சொல்ற?"

எதையும் குறைக்க முடியவில்லை. பெத்தணன் தலைமை. ஊரில் ஒரு தடவை பஞ்சாயத்துத் தலைவரை வரவேற்றுப் பேசியவன் என்பதால் ஒச்சுக்காளைக்கு வரவேற்புரை. வாழ்த்துரை தவசிக்கு. மிச்சம் இருந்த நன்றியுரை சேவுகனுக்கு. பொன்னாடைக்குத் தவசியின் ஊதாக்கலர் குளியல் துண்டு. மைக்குக்குக் குழம்புக் கரண்டி.

சேவுகனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அது போனதுக்கப்புறம் வரவேற்புரையை ஆரம்பிச்சா, பொன்னாடை போத்த நேரம் ஆயிருமே. அந்த நிமிஷமே பாராட்டணும்னாங்களே."

"அப்ப வரவேற்புரையை முன்னாடியே முடிச்சிருவோம்," என்று பெத்தணன் தீர்ப்புச் சொன்னார்.

அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் மரத்தடியில் நாற்காலி போட்டுப் பெத்தணன் உட்காருவார். ஒச்சுக்காளை கரண்டியைப் பிடித்து, "விழாத் தலைவர் அவர்களே, இந்த மரத்தடிக்குப் பெருமை சேர்க்க வந்திருக்கும் செவலை அவர்களே," என்று ஆரம்பிப்பான். "வருக வருக" என்று அவன் முடித்ததும் குட்டி எழுந்து போய்க் காரியத்தை முடிக்கும். உடனே துண்டு விழும், கை தட்டுவார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

ஒரு வாரத்தில் செவலை நன்றாகத் தேறிவிட்டது. வீட்டுக்குள் ஒரு சொட்டுக் கிடையாது. ஆனால் வரவேற்புரை இல்லாமல் வெளியேயும் ஒரு சொட்டுக் கிடையாது. ஒருநாள் ஒச்சுக்காளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவனுக்குப் பதிலாகச் சேவுகன் பேசிப் பார்த்தான். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நீ பேசறதுல உயிர் இல்லடா," என்றார் பெத்தணன்.

தவசி ஓடிப்போய் மிளகு ரசம் வைத்து ஒச்சுக்காளைக்கு ஊற்றினான். தொண்டை திறந்து "வருக வருக" வருகிற வரைக்கும் குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. தவசி குட்டியைக் குளிப்பாட்டி, தலை வாரி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த முதல் சாயங்காலத்துக் கறை இன்னும் கம்பளத்திலேயே இருந்தது. அதை அவர்கள் அன்றைக்கும் கண்டுகொள்ளவில்லை.

கெஸ்லர் வந்தார். "செருப்பை வெளிய விட்டுட்டு வாங்கய்யா," என்று சேவுகன் சைகை காட்டினான். அவர் பூட்ஸையும் மேல்கோட்டையும் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு, மெதுவாக மண்டிபோட்டு, கம்பளத்தை மோந்துகொண்டே சுற்ற ஆரம்பித்தார்.

தவசி குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்தக் கறைக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு முழம்தான் பாக்கி.

"அண்ணே," என்றான் சேவுகன், "அவசரம் போலிருக்கு."

நான்கு பேரும் பாய்ந்தார்கள். கெஸ்லர் பெத்தணனைவிடக் கனம். தலைப்பக்கம் இருவர், கால்பக்கம் இருவர். அவர் தம் மொழியில் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். மரத்தடியில் பனிமேல் அவரைப் பத்திரமாக நிறுத்தினார்கள். செவலையும் பின்னாலேயே ஓடிவந்தது.

கூட்டம் கூடிவிட்டது, நாற்காலியும் கிடந்தது, பெத்தணன் உட்கார்ந்தார். ஒச்சுக்காளை பழக்கத்தில் கரண்டியை எடுத்தான். "வருக வருக" என்றதும் செவலை எழுந்து போய் மரத்தடியில் காரியத்தை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தது. பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் முறைப்படி நடந்தன. எதிர்வீட்டில் கை தட்டினார்கள்.

கெஸ்லர் நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். அவர் இருந்த வீடுகளில் எத்தனையோ நாய்களைப் பார்த்திருக்கிறார். சொன்னதும் எழுந்து காரியத்துக்குப் போகிற நாயைப் பார்த்ததில்லை.

"நாய் இருக்கலாம்," என்றார். "எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கட்டும். நான் உள்ளே போகலாமா?"

ஒச்சுக்காளை அதைத் தமிழில் சொன்னதும் தவசி குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். பெத்தணன் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அவரு இன்னும் போகலையேடா. முடியாம உள்ள விடக்கூடாதுன்னுதான உத்தரவு?"

"நாய்க்குத்தானண்ணே சொன்னாங்க," என்றான் தவசி. அவனுக்குக் கெஸ்லர்மேல் அப்போது ரொம்பப் பிரியமாக இருந்தது.

"அன்னைக்கு நான் என்ன நாயாடா? எனக்கு ஒரு சட்டம், வீட்டுக்காரருக்கு ஒரு சட்டமா?"

மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒச்சுக்காளை மரியாதையாக விஷயத்தை எடுத்துச் சொன்னான். கெஸ்லர் நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலாவது விளையாட்டு இருக்கும் என்று தேடினார். இல்லை. காலுறை வழியாகக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. வயதும் எழுபது தாண்டியிருந்தது.

"திரும்பி நில்லுங்கள்," என்றார் கடைசியில்.

நால்வரும் திரும்பி நின்றார்கள். சேவுகன் செவலையையும் திருப்பி வைத்தான்.

அவர் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்ததும் செவலையின் கழுத்திலிருந்த துண்டை எடுத்து உதறி அவருக்குப் போர்த்தினார்கள். பெத்தணன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். "முதல் தடவையிலேயே, யாருடைய உதவியும் இல்லாமல்," என்று தவசி வாழ்த்துரை சொன்னான். சேவுகன் நன்றி சொன்னான். எதிர்வீட்டில் இந்த முறை எழுந்து நின்று கை தட்டினார்கள். கெஸ்லர் பூட்ஸையும் கோட்டையும் மாட்டிக்கொண்டு துண்டோடு தம் வீட்டுக்குப் போனார். கம்பளத்தைப் பற்றிப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் நால்வரும் குட்டியோடு வெளியே வந்தபோது, மரத்தடியில் கெஸ்லர் நின்றிருந்தார். நல்ல கோட்டுப் போட்டு, முகம் மழித்து, ஊதாத் துண்டைத் துவைத்து மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"என்னய்யா, வாடகை விஷயமா?" என்று பெத்தணன் கேட்டார்.

கெஸ்லர் துண்டை அவரிடம் கொடுத்துவிட்டுச் செவலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, இருவரும் ஒச்சுக்காளையையே பார்த்தார்கள்.

ஒச்சுக்காளை தொண்டையைச் செருமிக்கொண்டு கரண்டியை எடுத்தான்.