கொம்பையாவைத் தேயாமல் காத்த கதை

கோணக்கிணற்றுக்காரர்கள் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ஆற அமர யோசித்துத்தான் செய்வார்கள். கெடுதலே அங்கேதான் ஆரம்பிக்கும்.

அந்த ஊர்க் கொம்பையாவுக்கு எல்லாம் இருந்தது. வாழைத்தோப்பு இருந்தது, ஓட்டு வீடு இருந்தது, தலையில் முடிகூட இருந்தது. பெண்சாதிதான் இல்லை. காரணம், போட்டோ. எவன் செல்போனைத் தூக்கினாலும் கொம்பையாவுக்குக் கண் மூடிக்கொள்ளும். பெண் வீட்டுக்குப் போன படத்தில் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு வீட்டிலிருந்து துக்கம் விசாரிக்கவே ஆள் வந்துவிட்டது.

அப்படிப்பட்டவன், அக்கா மகள் காதுகுத்தில், இரண்டு கண்ணும் திறந்தபடி ஒரு படத்தில் விழுந்துவிட்டான். பிள்ளை வீறிட்டு அழுததில் திடுக்கிட்டு முழித்த நேரம் அது.

அதே சமயம் பக்கத்து ஊர்த் தளவாய், தன் மகள் செல்வக்கனிக்கு மாப்பிள்ளை போட்டோ கேட்டுச் சொல்லிவிட்டிருந்தார். செல்வக்கனியைக் கொம்பையா சந்தையில் பார்த்திருக்கிறான். தேங்காய்க்காரனிடம் பேரம் பேசி, கடைசியில் அவனையே சோடா வாங்கித் தர வைத்தவள். அன்றிலிருந்து கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

படத்தில் ஒரே குறை. கொம்பையாவின் தோளுக்குப் பின்னால் ஒரு ஆட்டுக்கிடா எட்டிப் பார்த்தது.

"கிடாவோட போனா மாப்பிள்ளை எதுன்னு அவங்களுக்குக் குழப்பம் வரும்லா" என்றான் பலவேசம். பலவேசம், சுயம்பு, மந்திரம் என்று கொம்பையாவுக்கு மூன்று கூட்டாளிகள்; அவர்களில் அவன்தான் தலை. செல்போன் அவனுடையது.

டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தங்கப்பழம் அண்ணாச்சியிடம் போனில் யோசனை கேட்டார்கள். அவர் ஒரு கல்யாண வீட்டு அவசரத்தில் இருந்தார். "ஆட்டைச் செல்லுலேயே அழிக்கலாம்வே. அழிச்ச உடனே சேவ் பண்ணிருங்க, இல்லேன்னா பாத்த வேலை போயிரும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் கோணக்கிணற்றை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆட்டின் ஒரு முடியை அழித்தார்கள், சேவ் பண்ணினார்கள். மறுபடி திறந்து அடுத்த முடி, மறுபடி சேவ். சுயம்பு தும்மினால் சேவ். டீ வந்தால் சேவ். பழைய படத்தை மட்டும் மந்திரம் அப்போதைக்கப்போது தூக்கிப்போட்டுக்கொண்டே வந்தான்.

"அதை எதுக்குலே அழிக்க?" என்று கொம்பையா கேட்டான்.

"ரெண்டு கொம்பையா இருந்தா பின்னால சொத்துத் தகராறு வரும்லே."

கொம்பையாவுக்கு அது நியாயமாகவே பட்டது.

சாயங்காலம் ஆடு போய்விட்டது. கூடவே கொம்பையாவும் பாதி போயிருந்தான். கன்னமெல்லாம் சந்தனம் அப்பினாற்போல மொழுக்கென்று இருந்தது. மூக்கு இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ. வாயைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போலப் புள்ளி. கொம்பையா ஓடிப்போய்க் கண்ணாடியில் மூக்கைத் தடவிப் பார்த்தான். இருந்தது. ஆனால் நேற்றைவிடச் சின்னதோ என்று ஒரு சந்தேகம்.

"இத்தனை பேர் கண்ணு முன்னால மூக்கு எங்கலே போகும்?" என்றான் பலவேசம்.

"உள்ளதான் உதிர்ந்து கிடக்கும்" என்றான் சுயம்பு. "மாவு சலிச்சா கீழ கிடக்கும்லா, அது மாதிரி."

வெள்ளை வேட்டியை விரித்து, செல்போனைக் கவிழ்த்துத் தட்டினார்கள். கொஞ்சம் பீடித்தூளும் ஒரு எள்ளும் விழுந்தன. மூன்று பேரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள்.

"மூக்கு இல்லை. மச்சம் கிடைச்சிருக்கு" என்றான் மந்திரம்.

"எனக்கு மச்சமே கிடையாதேலே."

"உன் முதுகை நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அதனால் கொம்பையா ஒத்துக்கொண்டான். எள்ளைச் சோற்றுப் பருக்கையால் செல்போன் கண்ணாடியில், அவன் கன்னம் இருந்த இடத்தில், ஒட்டினார்கள். அதற்கப்புறம் அந்தச் செல்போனில் திறந்த படத்தில் எல்லாம், மந்திரத்தின் மாமியார் படம் உட்பட, அதே இடத்தில் மச்சம் இருந்தது. கொம்பையாவின் அந்தப் படத்தையே தளவாய்க்கு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பின பிறகு கொம்பையாவுக்கு மனசு கேட்கவில்லை. எல்லாரையும் இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனான். தங்கப்பழம் அண்ணாச்சி படத்தைப் பார்த்தார், நாலு பேரையும் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"செல்லு படத்தை முழுசா வைக்காதுவே. இடம் பத்தணும்னு சுருக்கித்தான் வைக்கும். சுருக்கும்போது பொடிசு பொடிசா இருக்கதைக் கழிச்சிரும். நீங்க மாத்தி மாத்தி சேவ் பண்ணப் பண்ண, அது கழிச்சுக்கிட்டே இருந்திருக்கு. போனது போனதுதான்."

"அப்போ செல்வக்கனி?" என்றான் கொம்பையா.

"இனிமேயாவது கேட்டுக்கிடுங்க. ஒரிஜினலைப் பத்திரமாப் பூட்டி வச்சிரணும். அதைத் தொடவே கூடாது. என்ன வேலைன்னாலும் நகல்லதான் பாக்கணும்."

பஸ்ஸில் திரும்பும்போது எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரிஜினல் எதுலே?" என்று கடைசியில் மந்திரம் கேட்டான்.

"போட்டோ யாரைப் பாத்து எடுத்தது?" என்றான் பலவேசம்.

மூன்று பேரும் திரும்பிக் கொம்பையாவைப் பார்த்தார்கள். கொம்பையாவும் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான்.

தேங்காய் போட்டுவைக்கும் அறையில் அவனை வைத்துப் பூட்டினார்கள். அவன் மறுப்பே சொல்லவில்லை. செல்வக்கனி பார்க்கும்போது மூக்கு முழுசாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவன் கவலை. சோறு ஜன்னல் வழியாகப் போயிற்று. முகம்கூடக் கழுவவில்லை, தண்ணீரோடு எது எது போகுமோ.

பூட்டுக்குச் சாவி ஒன்றே ஒன்றுதான். "அப்போ இதுவும் ஒரிஜினல்தான்" என்று பலவேசம் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, சாவியை ஜன்னல் கம்பி வழியாகக் கொம்பையா கையிலேயே கொடுத்துவிட்டான். படத்தில் சாவி துருவேறித் தெரிந்தது. அது பார்க்க நன்றாக இல்லை என்று சுயம்பு பொறுமையாகத் துருவை அழித்து அழித்து சேவ் பண்ணினான்.

படத்தைப் பார்த்த தளவாய், மகளைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை எங்கவே?"

"பத்திரமா இருக்கான். நீங்க நகலைப் பாருங்க" என்றான் பலவேசம்.

"பாத்துட்டுத்தான்வே வாரேன். செங்கச்சூளை மாதிரி இருக்கு."

செல்வக்கனி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வீட்டைச் சுற்றி வந்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். கொம்பையா திடுக்கிட்டு முழித்தான். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவள் நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"அப்பா, போட்டோவுக்கு ஆள் எவ்வளவோ தேவலை. மூக்கெல்லாம் இருக்கு" என்றாள். பிறகு கம்பிக்குள் கையை நீட்டினாள். "கையிலதான சாவி வச்சிருக்கீங்க. கொடுங்க, திறந்து விடுதேன். ரெண்டு வார்த்தை பேசணும்."

கொம்பையா சாவியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். ஆசை இல்லாமலா? கண்ணே கலங்கிவிட்டது.

"இது ஒரிஜினல்" என்றான். "நகல்லதான் வேலை பாக்கணும்னு அண்ணாச்சி சொல்லியிருக்காவ."

"நகல் எங்க இருக்கு?"

அறை வாசலில் பலவேசம் செல்போனை எடுத்து, சாவிப் படத்தைப் பூட்டின் துவாரத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றான். மந்திரம் மூச்சுவிடாமல் பார்த்தான். தளவாயும் தன்னை அறியாமல் குனிந்து பார்த்தார். பூட்டு அசையவில்லை.

சுயம்பு எட்டிப் பார்த்தான். சாவியின் பல்லெல்லாம் மொழுக்கென்று தேய்ந்து, சாவி கரண்டி மாதிரி இருந்தது. கொம்பையாவின் மச்சம் மட்டும் அதன் கழுத்தில் பளிச்சென்று தெரிந்தது.

"படம் தெளிவா இல்லை, பிறகு எப்படிலே திறக்கும்?" என்றான். "கொண்டா, இன்னும் ஒருக்கச் சேவ் பண்ணிப் பாப்போம்."