மஞ்சுமலை அந்துப்பூச்சிக்கு வாய் போன கதை

அந்தக் காலத்தில், பூச்சி புழுவெல்லாம் மனிதரோடு சரிக்குச் சரியாகப் பேசிய காலத்தில், சாம்பல் அந்துப்பூச்சிக்கு வாயும் இருந்தது, நாலு நாட்டில் உறவும் இருந்தது. கடல் தாண்டிப் பறந்து நினைத்த ஊரில் இறங்கும். அப்படித்தான் ஒரு தீவின் நடுவில் இருந்த மஞ்சுமலைக்குத் தேன் குடிக்க வந்தது. வந்த இடத்தில் வேலையும் கிடைத்தது.

மஞ்சுமலைக்காரர்கள் செங்குத்துப் பாறையில் தேன் எடுப்பவர்கள். கயிற்றில் தொங்கி ஒருவன் இறங்குவான். மேலே கயிற்றைப் பிடிப்பவன் அவன் மனைவியின் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். தங்கை வாழ்வுக்கு அவனைவிடக் காவல் யார்? இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பாறையில் யாரும் சத்தம் போடக் கூடாது. அங்கே இறங்கும் மூடுபனி, ஒருதரம் கேட்ட குரலைத் திருடி வைத்துக்கொண்டு அதே குரலில் பேசும். அதனால் கீழே தொங்குபவன் அந்துப்பூச்சியிடம் மெல்லச் சொல்லுவான். அது பறந்து வந்து மேலே சொல்லும். அதற்குக் கூலி, வயிறு நிறையத் தேன்.

மருதியின் கணவன் கெம்பன். ஒரு நாள் கெம்பனைத் தேனீ கொட்டியபோது, "மருதி" என்று வாய்விட்டு அலறிவிட்டான். கொட்டியது தேனீ, கூப்பிட்டது பெண்டாட்டியையா என்று ஊரே கேலி செய்து மறந்தது. மூடுபனி மறக்கவில்லை.

அடுத்த வாரம் உச்சிவேளையில் கெம்பன் மறுபடி இறங்கினான். மருதியின் அண்ணன் காரி கயிற்றைப் பிடித்திருந்தான், அவள் பின்னால் நின்றாள். பனி இறங்கியது. பாதி வழி போன அந்துப்பூச்சிக்கு இறக்கை நனைந்து கனத்தது. தேன் குடித்த வயிறு வேறு. இதற்கு மேல் யார் போவது என்று ஒரு செடியில் ஒதுங்கிக்கொண்டது. பக்கத்திலேயே கெம்பன் குரல் கேட்டது: "திட்டுல நின்னுட்டேன். கயித்த விடச் சொல்லு."

அந்துப்பூச்சி மேலே வந்து அப்படியே சொன்னது. காரி கயிற்றை விட்டான். அது சரசரவென்று ஓடி, விளிம்பைத் தாண்டி மறைந்தது. கீழே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மருதி அந்துப்பூச்சியிடம் திரும்பினாள். "நீ அவரப் பாத்தியா?"

"குரல் கேட்டுச்சு."

"பாத்தியான்னு கேக்குறேன்."

அந்துப்பூச்சி தலையைக் குனிந்துகொண்டது. காதில் விழுந்ததைக் கண்ணால் கண்டதுபோல் சொல்லிவிட்டு, குடி கெட்ட பிறகு தலை குனிகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. காரி கயிறு பிடித்த கையைப் பாறையில் அறைந்து அறைந்து அழுதான்.

மூன்று நாள் கீழே தேடினார்கள். உடுத்திய துணிகூடக் கிடைக்கவில்லை. நாலாம் நாள் உச்சிவேளை, பாறை விளிம்பில் பனி ஏறி வந்தது.

"மருதி, கயித்தப் போடு. கை வலிக்குது."

அவனுடைய குரலேதான். மருதி ஓடிப்போய் ஒரு கயிற்றை எடுத்து மரத்தில் கட்டினாள். காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது அவன் இல்ல, தங்கச்சி."

"அவரா இருந்துட்டா, அண்ணே?"

காரி அவள் கையை விட்டான். பனி இன்னும் கிட்டே வந்து கூப்பிட்டது.

மருதி அந்துப்பூச்சியைப் பார்த்தாள். "நீ போ. இந்தத் தடவ கண்ணால பாத்துட்டு வா. பாத்தத என்கிட்ட சொல்லாம இந்த மலைய விட்டுப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

அந்துப்பூச்சி சத்தியம் செய்துவிட்டுப் பனிக்குள் இறங்கியது. குரல் நின்றது. ஒரு பானை சோறு வேகும் நேரம் ஆயிற்று. பிறகு அது தடுமாறி ஏறி வந்து, மருதியின் புறங்கையில் உட்கார்ந்து நடுங்கியது. வாய் இருந்த இடம் மழமழவென்று மூடியிருந்தது. வெறும் சாம்பல் நிறமாக இருந்த இறக்கைகளில் இரண்டு வட்டக் கண்கள், இமையில்லாமல், அகல விழித்திருந்தன.

"அவரா?" என்று மருதி கேட்டாள்.

அது இறக்கையை அடித்தது. சொல்ல முடியவில்லை. மருதி அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கும் பயம் வந்தது. மரத்தில் கட்டிய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, சத்தமில்லாமல் அழுதாள்.

"மருதி, கயித்தப் போடு," என்றது கீழே குரல். அண்ணனும் தங்கையும் திரும்பிப் பார்க்காமல் மலை இறங்கினார்கள்.

அன்று முதல்தான் மஞ்சுமலை அந்துப்பூச்சிக்கு வாய் கிடையாது, இறக்கையில் இரண்டு கண் உண்டு. சத்தியத்தை மீறி வேறெந்த நாட்டுக்கும் போக முடியாமல், பனி இறங்கும்போதெல்லாம் கயிறு பிடித்தவர் கையில் வந்து உட்கார்ந்து, கீழே கண்டதை இன்றும் சொல்லப் பார்க்கிறது.