எழுபத்தி ரெண்டு கிலோ டிரைவர்

"டீச்சர், இந்த ராடு எனக்கு வேண்டாம். கழட்டிக் கடாசிருங்க."

ஷெட்டுக்குள்ள வந்ததும் தெய்வசிகாமணி சொன்ன மொத வார்த்தை இதான். வணக்கம்கூடச் சொல்லல.

டீச்சர்னா பள்ளிக்கூடத்து டீச்சர் இல்ல. பேரு ஜெசிந்தா. கோயமுத்தூருக்கு வெளிய, செட்டிப்பாளையம் ரோட்டுல ரேஸ் கார் செட்டிங் பண்ற ஷெட்டு வெச்சிருந்தா. சிகாமணியோட மூத்த மகளைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும். ஆனா லீவு நாள்ல ரேஸ் ஓட்டற ஆளுக எல்லாரும் அவளை டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க. பாதி கிண்டல், பாதி பயம்.

சிகாமணிக்கு பம்புசெட்டுக் கடை. வாரம் பூரா மோட்டார் விப்பாரு. ஞாயித்துக்கிழமை மோட்டார் ஓட்டுவாரு.

"ராடு என்னங்ணா பண்ணுச்சு?"

"வலது பக்கம் ஒடிச்சா, திரும்ப மாட்டேன்னு நேராப் போகுது. இடது பக்கம் ஒடிச்சா, வண்டியோட வாலு முன்னாடி வந்து என்னையே பாக்குது."

கூட வந்த நஞ்சுண்டன் தலையாட்டுனாரு. அவரும் ரேஸ்காரர். அவரு வண்டியோட கதவு நசுங்கிப் போயிருந்துச்சு. நசுக்குனது சிகாமணியோட வாலுதான்.

"இடது திருப்பத்துல இவரு பின்னாடி போறவன் வீட்ல சொல்லிட்டுத்தான் போகோணும் டீச்சர்."

"நீ சும்மா இரு மாப்ள."

சும்மா இருக்கற விசயம் இல்ல அது. அந்த வருசம் சிகாமணி ஏற்கெனவே ரெண்டு ரேஸ்ல வண்டியச் சுத்தவிட்டு நின்னுட்டாரு. மூணாவது தடவை சுத்துனா கிளப்புல ஒரு வருசம் ஓட்ட விடமாட்டாங்க. அம்பத்தி மூணு வயசுல ஒரு வருசம் வெளிய உக்காந்தவன் திரும்ப ஹெல்மெட்டு எடுப்பானாங்கறது சந்தேகம். வீட்ல அதைப் பரண்ல போட ஆளு ரெடியா இருந்தாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை ரேஸ்.

அந்த ராடு புதுசு. அவரே வாங்கி அவரே மாட்டுனது. பின்பக்கத்து ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல குறுக்கால போகும். திருப்பத்துல வண்டி ஒரு பக்கமாச் சாயாம புடிச்சு வெக்கறது அதோட வேலை. ரெண்டு நுனியிலயும் மூணு மூணு ஓட்டை. உள் ஓட்டையில மாட்டுனா முறுக்கா நிக்கும். வெளி ஓட்டையில மாட்டுனா இளகிக் குடுக்கும்.

"ஓட்டை மாத்திப் பாத்தீங்களா?"

"எல்லா ஓட்டையும் பாத்தாச்சு. இளக்குனா இடது அடங்குது, வலது இன்னும் மோசமாகுது. முறுக்குனா வலது கேக்குது, இடது ஆடுது. மாமியா மருமக மாதிரி, ஒண்ணைச் சமாதானம் பண்ணுனா இன்னொண்ணு கோவிச்சுக்குது."

"அப்ப ராடு நல்லா இருக்கு."

"குனிஞ்சுகூடப் பாக்கலையே டீச்சர்!"

"ராடு கெட்டா ரெண்டு பக்கமும்தானுங்ணா கெடும்."

சிகாமணிக்குச் சுருக்குனு வந்துச்சு. "நான் மாட்டுனதுல தப்புங்கறீங்களா? நீங்க சொன்ன மாதிரிதான் மாட்டுனேன். போல்ட்டு விரல்ல தள்ளுனா உள்ள போகோணும்னீங்க. போச்சு."

"எனக்கு ஒருக்கா மாட்டிக் காட்டுங்க."

வண்டிய உள்ள ஏத்துனாங்க. ரசமட்டம் வெச்சுப் போட்ட தரை, கோலிக்குண்டை வெச்சா வெச்ச எடத்துல நிக்கும். சிகாமணி நேரா அடியில போகல. வெளிய போயி, தன்னோட இன்னொரு கார் டிக்கியத் தொறந்து, ஒரு அரிசிச் சிப்பத்தைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. டிரைவர் சீட்டுல வெச்சாரு. திரும்பப் போயி இன்னொரு சிப்பம். அப்பறம் ஒரு நாய்த்தீனி மூட்டை. மூணுக்கும் சேத்து பெல்ட்டு போட்டாரு.

ஜெசிந்தா எட்டிப் பாத்தா. "இது என்னங்ணா?"

"டிரைவர்."

நஞ்சுண்டன் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

"ஓட்டற ஆளு உள்ள உக்காந்திருக்கறப்பதான் ராடோட லிங்க்கை அளவு பண்ணோணும்னு நீங்கதான சொன்னீங்க? நான் அடியில படுத்துட்டா உள்ள யாரு உக்கார்றது? எடைக்கு எடை வெச்சிருக்கேன். வீட்ல ரெண்டு நாளு அரிசியத் தேடிட்டு இருந்தாங்க."

சொல்லிட்டு அவரு அடியில நுழைஞ்சாரு. நுழையறதுக்குக் கொஞ்சம் சிரமப்பட்டாரு.

வலது பக்கம், ராடையும் சக்கரத்தையும் சேக்கற லிங்க்கோட போல்ட்டைக் கழட்டுனாரு. திரும்ப ஓட்டைக்கு நேரா வெச்சு, ஒத்தை விரல்ல தள்ளுனாரு. வெண்ணெயில கத்தி மாதிரி உள்ள போச்சு. வெளிய எடுத்தாரு. மறுபடியும் தள்ளுனாரு. மறுபடியும் போச்சு.

"பாத்துக்குங்க. நல்லாப் பாத்துக்குங்க."

"நல்லா மாட்டியிருக்கீங்க," ன்னா ஜெசிந்தா. நெசமாத்தான் சொன்னா. "போல்ட்டை எங்கிட்ட குடுத்துட்டு வெளிய வாங்க. டிரைவரை எறக்குங்க."

மூட்டைக எறங்குச்சு.

"இப்ப நீங்க உக்காருங்க."

சிகாமணி உக்காந்தாரு. பெல்ட்டை அரிசி மூட்டைக்கு விட்டதைவிட இளக்கித்தான் போட வேண்டியிருந்துச்சு. ஜெசிந்தா அடியில போனா.

போல்ட்டு இரும்புல உரசற சத்தம் வந்துச்சு.

"என்ன டீச்சர், போச்சா?"

"போகல."

"நேரா வெச்சுத் தள்ளுங்க."

"ஓட்டை ஒரு பக்கம் நிக்குது, போல்ட்டு ஒரு பக்கம் நிக்குது."

"சுத்தியல்ல ஒரு தட்டு தட்டுங்க, போயிரும்."

"தட்டுனா போகுங்ணா. ராடு ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு கோவத்தோட உக்காந்திருக்கும். திருப்பம் வர்ற வரைக்கும்."

வெளிய வந்தா. கையைத் தொடச்சா. சன்னல் வழியா போல்ட்டை அவரு உள்ளங்கையில வெச்சா.

"மூட்டை மொத்தம் எத்தனை கிலோ?"

"எழுபத்தி ரெண்டு."

"எழுபத்தி ரெண்டு கிலோ ஆளு யாருங்ணா?"

நஞ்சுண்டனால அதுக்கு மேல அடக்க முடியல. செவுத்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

"ரேஸ் லைசென்ஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு," ன்னாரு சிகாமணி.

"லைசென்ஸா வண்டி ஓட்டுது?"

சிகாமணி போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அதுல ஒண்ணும் எழுதியிருக்கல.

"அந்த எழுபத்தி ரெண்டு நான்தான். கல்யாணத்தப்ப."

நஞ்சுண்டன் சிரிப்பு பாதியில நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல ஆளைக் காணோம். வெளிய, அந்த நசுங்குன கதவைத் தொறக்கற சத்தம் கேட்டுச்சு.

ஜெசிந்தா ஸ்பேனரைக் கையில எடுத்தா. லிங்க்கைத் திருகி அளவை மாத்தற ஸ்பேனர் அது. எடுத்தாளே ஒழிய அடியில போகல. நின்னுக்கிட்டே கேட்டா.

"அவரு ஞாயித்துக்கிழமை ஓட்ட வர்றாருங்களா?"

சிகாமணி அதுவரைக்கும் இழுத்துப் புடிச்சிட்டிருந்த வயித்தை விட்டாரு. பெல்ட்டு அதுக்கு எடம் குடுத்துச்சு.

"அவரு வரலீங்க டீச்சர். தொண்ணூத்தி எட்டுதான் வருது."